பெருமூச்சு விட்டுப் பிடித்த வீடு

அந்தப் புறநகரில் பாதி வீடுகளின் வயிற்றுக்குள் என்ன ஓடுகிறது என்பது பிளம்பருக்கு அத்துப்படி. எந்த வீட்டுத் தொட்டி மாதம் ஒரு முறை அடைத்துக்கொள்ளும், எந்த மாடியில் குளித்தால் கீழ்வீட்டுக் கூடத்தில் சொட்டும், யார் வீட்டு வாஷ்பேசினுக்குள் கல்யாண மோதிரம் போய்த் திரும்பி வந்தது, எல்லாம் தெரியும். பதினோரு வருஷமாக அவனுக்கு அங்கேதான் வேலை. ஆனால் அத்தனை வீடுகளில் ஒன்றில்கூட அவன் காலை நீட்டிப் படுத்ததில்லை. சிங்குக்கு அடியில் படுத்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அவன் மனைவிக்கும் வேலை அதே ஊரில்தான். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் முகத்துக்கு ஃபிரேம் பொருத்திக் கொடுப்பாள். மலிவான ஃபிரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவரைப் பார்த்து "ம்" என்பாள். அவ்வளவுதான். அந்த "ம்"மைக் கேட்டவர் தானாகவே அதைக் கழற்றி வைத்துவிட்டு மேல்தட்டுப் பக்கம் கையை நீட்டுவார்.

இருவரும் குடியிருந்தது அதே ரயில் பாதையின் கடைசி நிலையத்தில். ஒன்றேமுக்கால் மணி நேரப் பயணம். புறநகர்க்காரர்கள் காலையில் நகரத்து வேலைக்குப் போய்விட, அவர்கள் பூட்டிவிட்டுப் போன தெருக்களைப் பழுது பார்க்க இவர்கள் எதிர்த்திசையிலிருந்து வந்து இறங்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இவர்கள் திரும்பும் வரை ஆறு வயது மகள் பெரியம்மா வீட்டில் இருப்பாள். அந்தப் பெண் ஒரே வாரத்தில் இரண்டு தடவை பெரியம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"மூணாவது தடவைக்கு நான் காத்திருக்க மாட்டேன்" என்றாள் மனைவி. "வீடு பாருங்க. வேலை செய்யற ஊர்லயே பாருங்க."

பார்ப்பது சுலபம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைத் திறந்து காட்டுவார்கள். ஒன்பதே காலுக்கே வாசல் கேட்டைத் தாண்டி வரிசை நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபைல்: சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த நற்சான்று, சிலரிடம் குடும்பமே சிரிக்கும் போட்டோ. வாடகையோ, இவர்கள் இருவர் சம்பளத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அதன் முழங்காலைத்தான் எட்டும். வீடு காட்டுகிற புரோக்கர் எந்த வெயிலிலும் டையைத் தளர்த்தாத மனிதர். டைக்காரர் என்றுதான் இவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். வரிசையைப் பார்த்து, "அவசரப்படாதீங்க, எல்லாரும் உள்ள போகலாம், ஆனா ஒருத்தர்தான் தங்க முடியும்" என்பார். அது அவருடைய நகைச்சுவை. வாராவாரம் அதையே சொல்வார்.

முதல் வீட்டைப் பார்க்கப் போன அன்று பிளம்பருக்குப் பதினோரு மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வேலை இருந்தது. அதனால் நீல யூனிஃபார்மோடும் பையோடும் போயிருந்தான். சமையலறைக்குள் நுழைந்ததும் கை சும்மா இருக்கவில்லை. சிங்குக்கு அடியில் குனிந்து குழாயை இரண்டு தட்டு தட்டினான். நல்ல குழாய். அந்தச் சமயம் பார்த்து வாடகை ஞாபகத்துக்கு வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு தானாகக் கிளம்பி வந்தது.

பக்கத்தில் அலமாரிக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்த ஆசாமி அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, குழாய்ல ஏதாவது?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லன்னு நீங்க சொல்ற விதம் சரியில்லையே."

அவர் தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்தம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னார். பத்து நிமிடத்தில் மாடியில் இருந்தவர்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் வரிசையில் நின்றவர்களிடம் நின்று பேசினார்கள். நின்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கம்பி நீட்டினார்கள். வாசலில் டைக்காரர் மட்டும் சாவிக்கொத்தோடு நின்றார்.

திரும்பும் ரயிலில் மனைவி கேட்டாள். "உள்ள என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. வாடகையை நினைச்சேன். மூச்சு வந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு நிலையம் கடக்கும் வரை யோசித்தாள். "வரிசை கலைஞ்சா வாடகையும் இறங்கும். இனிமே யூனிஃபார்ம் இல்லாம வீடு பார்க்கப் போகாதீங்க."

"அது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஒரு வார்த்தை பொய் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு உண்மையைத்தான் சொல்லணும். மூச்சு விடறது யாருக்குக் குத்தம்?"

அன்றிலிருந்து அவளே பயிற்சி கொடுத்தாள். முதலில் தட்ட வேண்டும். பிறகு காதை வைத்துக் கேட்க வேண்டும். அப்புறம் நிமிர்ந்து, சுவரைப் பார்த்து, யாரையும் பார்க்காமல் மூச்சு விட வேண்டும். தலையை ஆட்டினால் கூடுதல் என்று சொல்லித் தடுத்துவிட்டாள்.

பெருமூச்சின் பலன் என்னவென்றால், முதல் வீட்டுக்காரர் பயந்துபோய் வீட்டை வாடகைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார். சுவரை உடைத்து, பழைய குழாயை எல்லாம் பிடுங்கி, புதிதாகப் போடச் சொன்னார். அந்த வேலை பிளம்பரின் கம்பெனிக்கே வந்தது. நல்லபடியாக இருந்த குழாய்களைப் பிடுங்கி, தன் பெருமூச்சுக்குத் தானே புதுக் குழாய் பதித்தான் பிளம்பர். வேலை முடிந்ததும் புதுக் குளியலறையைக் காட்டி வாடகையைக் கால் பங்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் எல்லாரும் ஓடிப்போனார்கள், ஒரு இளம் ஜோடி மட்டும் அசையவில்லை. "நாங்க தூங்க மட்டுந்தான் வீட்டுக்கு வருவோம், தண்ணி வந்தா என்ன வராட்டி என்ன" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது, ஒரு மாடி வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மாவே குடியிருந்தார். கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். வீடு காட்டும் நேரம் முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்து, ஏறி இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் மேய்ந்துகொண்டிருந்தார்.

பிளம்பர் தட்டினான், காது வைத்தான், மூச்சு விட்டான். கால் மணி நேரத்தில் மாடி காற்றாடியது. டைக்காரர் போன் பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார். கணவனும் மனைவியும் இறங்கப் பார்த்தபோது வீட்டுக்காரம்மா படியை விட்டு எழவில்லை.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. குழாய்ல என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கு."

"அப்போ அந்தப் பெருமூச்சு?"

பிளம்பர் மனைவியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள். "அது வாடகைக்கு விட்டதும்மா" என்றான்.

வீட்டுக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷம் கோர்ட்டுல உட்கார்ந்து எழுதியிருக்கேன். பெருமூச்சை எழுத எங்ககிட்ட குறி கிடையாது. இருந்திருந்தா பாதிக் கேஸ் அன்னிக்கே முடிஞ்சிருக்கும்." பிறகு நகர்ந்து இடம் விட்டார். "உட்காருங்க ரெண்டு பேரும். வாடகை எவ்வளவு முடியும் உங்களுக்கு?"

மனைவி சொன்னாள். கூச்சத்தோடு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"அது எனக்குப் போதும். ஆனா வாடகையைப் போட்டது என் மகன். அவன் சொல்ற வாடகையைக் கொடுக்கிறவங்க விடிஞ்சா ரயிலேறி, பொழுதடைஞ்சா வருவாங்க. பகல் பூரா மேல பூட்டிக் கிடக்கும். பூட்டுக்குக் கீழ தனியா உட்கார்ந்திருக்கவா நான் இந்த வீட்டைக் கட்டினேன்? மேல ஒரு பிளம்பர் குடியிருந்தா எனக்கு என்ன கஷ்டம் சொல்லுங்க."

"வீடு உங்க பேர்லதானேம்மா இருக்கு?" என்று ஆழம் பார்த்தாள் மனைவி.

"என் பேர்லதான். அதை ஞாபகப்படுத்தினா அவன் மூணு நாள் பேச மாட்டான். அதனால அவனா தோத்து வரணும். அடுத்த சனிக்கிழமையும் வாங்க தம்பி. அதுக்கடுத்த சனிக்கிழமையும்."

போனார்கள். இரண்டாவது வாரம் டைக்காரர் புருவத்தைத் தூக்கினார். "நீங்க போன வாரமும் வந்தீங்களே?"

"இன்னும் முடிவுக்கு வரலைங்க" என்றான் பிளம்பர். அதுவும் உண்மைதான்.

மூன்றாவது வாரம் வரிசையில் நான்கே பேர். மகன் வாடகையில் ஒரு துளி குறைத்தான். வீட்டுக்காரம்மாவுக்கு மெத்தத் திருப்தி. இன்னும் இரண்டு சனிக்கிழமை போதும் என்று கண்ணடித்தார்.

ஆனால் மகன் ஒன்றும் இளித்தவாயன் இல்லை. நகரத்தில் ஒரு பாங்கில் கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதங்களைச் சல்லடை போட்டுச் சலிப்பதுதான் அவன் வேலை. ஜனங்கள் குழாய் குழாய் என்று முணுமுணுக்கிறார்கள் என்று டைக்காரர் சொன்னதும், "அப்படின்னா முறையா ஒருத்தரை வெச்சுச் சோதிச்சுச் சான்று வாங்கிடலாம்" என்றுவிட்டான். புதன்கிழமை காலையில் பிளம்பரின் முதலாளி நீட்டிய வேலைச் சீட்டில் இருந்தது அந்த மாடி வீட்டு விலாசம்.

வாசலில் மகனும் டைக்காரரும் நின்றிருந்தார்கள். டைக்காரருக்கு மூக்கில் வேர்த்தது. "சார், இவரு வீடு பார்க்க வந்தவரு."

"ஆமா சார்" என்றான் பிளம்பர். "அப்போ வீடு பார்க்க வந்தேன். இப்போ குழாய் பார்க்க வந்திருக்கேன்."

இரண்டு மணி நேரம் பார்த்தான். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் முள் நகருகிறதா என்று கவனித்தான். ஃப்ளஷ் தொட்டிக்குள் சாயப் பொடியைப் போட்டு, கீழே சொட்டுக் கசிகிறதா என்று காத்திருந்தான். ஒவ்வொரு மூட்டிலும் காகிதத்தைச் சுற்றி ஈரம் பார்த்தான். கடைசியில் சமையலறை மேடையில் படிவத்தை விரித்தான். "காணப்பட்ட குறைகள்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட இடம். மகனின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த வீட்டுக்காரம்மா, எழுது எழுது என்று கண்ணாலேயே கதகளி ஆடினார். ஒரு வால்வு பழசு என்று எழுதினால்கூடப் போதும். வாடகை இன்னும் ஒரு படி இறங்கும்.

பிளம்பர் பேனாவை உதறினான். பெருமூச்சு அவன் சொந்தச் சொத்து, எங்கு வேண்டுமானாலும் விடுவான். அந்தக் கையெழுத்து அப்படியல்ல. அதை நம்பித்தான் இந்த ஊரில் ஜனங்கள் சுவரை உடைக்கிறார்கள், உடைக்காமல் விடுகிறார்கள். ஏற்கெனவே ஒரு வீட்டில் நல்ல குழாயைப் பிடுங்கிய நாளிலிருந்து அவனுக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது. "குறை எதுவும் இல்லை. இன்னும் இருபது வருஷம் தாங்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்காரம்மாவின் முகம் தொங்கிவிட்டது. மகன் அந்தத் தாளைப் படம் எடுத்து, நகல் எடுத்து, வாசற்கதவில் ஒட்டி, குறைத்த துளியோடு இன்னொரு துளியும் சேர்த்து வாடகையை ஏற்றினான்.

அன்று ரயிலில் மனைவி அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு, "எழுதாம மூச்சு மட்டும் விட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

"அந்த ஃபார்ம்ல மூச்சுக்கு இடம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பொய் எழுதிட்டு அந்த வீட்டுக்குக் குடி போயிருந்தா, நீங்க தினமும் அந்த வால்வைப் பார்த்து முழிச்சிட்டு நிப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை" என்றாள். அப்புறம் போனை எடுத்து வீட்டுக்காரம்மாவுக்குப் போட்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்துத்தான் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் என் காலை வாரிட்டார்" என்றது போனில் குரல். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. "பரவாயில்ல. சனிக்கிழமை ரெண்டு பேரும் சும்மா வந்து ஓரமா நில்லுங்க. மூச்சுகூட விட வேண்டாம்."

சான்றிதழ் ஒட்டிய வீடு என்பதால் அந்தச் சனிக்கிழமை கூட்டம் தெருமுனை வரை போயிற்று. டைக்காரர் தன் நகைச்சுவையை இரண்டு தடவை சொன்னார். மாடிக்கு ஏறியவர்கள் கூடத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மாவைச் சுற்றிக்கொண்டுதான் அறைகளுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் மடியில் ஒரு நோட்டு. யார் எது பேசினாலும் கை பரபரவென்று கோழிக்கிறுக்கல் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னம்மா எழுதறீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நீங்க பேசறதைத்தாம்மா. பழக்கம் விடல. இங்க குடி வந்தாலும் எழுதுவேன். கீழ எல்லாம் தெளிவாக் கேக்கும்." பிறகு அன்பாக விசாரித்தார். "எத்தனை மணிக்குக் குளிப்பீங்க? எத்தனை நிமிஷம்? குழாய் இவ்வளவு நல்லா இருக்கறதால சத்தம் அப்படியே என் தலைமாட்டுல வந்து இறங்கும். நேரம் தப்பினா நான் மேல வந்து என்ன ஏதுன்னு பார்த்துட்டுப் போவேன்."

"மேலயா? எங்க வீட்டுக்குள்ளயா?"

"சாயங்காலம் எப்படியும் வருவேனே. ஏழு மணிக்கு டீவி பார்க்க."

"கீழ டீவி இல்லையா?"

"இருக்கு. கூட யாரும் இல்ல."

ஃபைல் வைத்திருந்த ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "இதெல்லாம் வாடகை ஒப்பந்தத்துல இருக்குங்களா?"

"ஒப்பந்தத்துல இல்ல. வீட்டுல இருக்கு" என்றபடி அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார்.

ஏறின வேகத்தில் ஜனம் இறங்கியது. படியில் இரண்டு ஃபைல்கள் மோதிக்கொண்டு சம்பளச் சீட்டுகள் இடம் மாறின. டைக்காரர் முதல் முறையாக டையைத் தளர்த்தினார், மகனுக்குப் போன் போட்டார். அதே ஊரில்தான் அவன் வீடும். பத்து நிமிடத்தில் வந்து நின்றான்.

"என்னம்மா பண்றீங்க?"

"வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொல்றேன்டா. குறை எதுவும் இல்லன்னு கதவுல ஒட்டியிருக்கியே, அது குழாய்க்கு. எனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

மகன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். கூடத்தின் மூலையில் கணவனும் மனைவியும் மட்டும் மிச்சம் நின்றிருந்தார்கள்.

"நீங்க போகலையா?" என்றான் அலுப்போடு. "அம்மா சொன்னதெல்லாம் கேட்டீங்கள்ல?"

"கேட்டோம்" என்றாள் மனைவி.

"சம்மதமா?"

"எங்களுக்குச் சம்மதந்தான். வாடகைதான்..."

மகன் ஒரு தொகை சொன்னான். மனைவி அவன் முகத்தைக் கனிவாகப் பார்த்து, "ம்" என்றாள். மகனுக்கு என்னவோ தான் சொன்னது தனக்கே பொருந்தாதது போலத் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கினான். "ம்" என்றாள். இன்னும் இறங்கினான். நான்காவது "ம்"முக்கு அவள் கூச்சத்தோடு சொன்ன அந்தப் பழைய தொகைக்கு வந்து சேர்ந்தான். வீட்டுக்காரம்மா நோட்டில் அதை எழுதி அடிக்கோடு போட்டார்.

சாவியைக் கொடுக்கும்போது மகன் பிளம்பரைத் தனியாக ஓரம் கட்டினான். "நீங்களும் அம்மாவும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க, இல்லையா?"

"எழுதிக் குடுத்ததுல பொய் இல்லை சார்."

"அது தெரியும். அன்னிக்கு நீங்க ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா நான் அப்பவே கவுந்திருப்பேன்." சற்று யோசித்துவிட்டு, "எங்க வீட்டு சிங்க் ஒரு வாரமா அடைச்சிருக்கு" என்றான்.

"திங்கட்கிழமை வந்து பார்க்கறேன் சார்."

குடி போன முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மா. ஒரு கையில் மூக்குக்கண்ணாடி, மறு கையில் முதுகுக்கு வைத்துக்கொள்ளச் சின்னத் தலையணை. ஆளைத் துரத்துவதற்காகச் சொன்ன கதை என்றல்லவா இவர்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நேரே வந்து உட்கார்ந்து செய்தி பார்த்தார், செய்தி முடிந்ததும் தொடர் பார்த்தார், ஒன்பது மணிக்கு, "நாளைக்குக் கொஞ்சம் சத்தமா வைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாளும் வந்தார். குளியல் நேரத்தைப் பற்றிச் சொன்னதும் கதையில்லை. "நேத்து பதினேழு நிமிஷம்" என்று பிளம்பரிடம் மெதுவாகத் தெரிவித்தார்.

"ஏமாந்தது யாருன்னு இப்பத் தெரியுது" என்று மனைவி சமையலறையில் முணுமுணுத்தாள். ஆனாலும் ஏழு மணி ஆனதும் நல்ல நாற்காலியைக் காலி செய்து வைத்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்கு வந்தால், அம்மா கடையிலிருந்து ஐந்தரைக்கு வந்துவிடுகிறாள். இடைப்பட்ட இரண்டு மணி நேரமும் கீழ்வீட்டில் சீட்டாட்டம். அதில் வீட்டுக்காரம்மா கூசாமல் ஏமாற்றுகிறார் என்று மகள் தினமும் புகார் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் ஏழரை மணிக்கு மறுபடி கதவு தட்டப்பட்டது. பிளம்பர் திறந்தான். டைக்காரர். டை இல்லை. அது இல்லாமல் பார்க்க, யாரோ போல இருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் வாசலிலேயே நின்றபடி. "நான் இருக்கறது உங்க பழைய நிலையத்துக்கும் அப்பால. அங்கிருந்து பஸ்ல வந்து ரயில் பிடிக்கிறேன். இந்த ஊர்ல நான் காட்டாத வீடு இல்ல. ஒண்ணுலகூட என்னால குடியிருக்க முடியாது. நீங்க எப்படியோ பிடிச்சுட்டீங்க. எப்படின்னு நான் கேக்கப் போறதில்ல. ஆனா எனக்கும் ரெண்டு குழந்தைங்க."

பிளம்பர் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் டீவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

வீட்டுக்காரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "வாசல்ல நிக்காம உள்ள வாங்க" என்றார். "எந்தத் தெருவுல வீடு பார்த்து வெச்சிருக்கீங்க? வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?"